மலைகள் காட்சியாவதற்கு முன்

திண்டுக்கல் மாவட்டத்தைப் பற்றிய சுற்றுலாக் கையேடுகளில் எதைப் புரட்டினாலும் வரிசை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. கொடைக்கானல் ஏரி, கோக்கர் நடைபாதை, தூண்பாறை, எலிவால் அருவி, சிறுமலை, விருப்பாச்சித் தலையூத்து. கடைசியில் ஒரு மரியாதைக்காகத் திண்டுக்கல் மலைக்கோட்டை. சமவெளி இந்த வரிசையில் எங்கும் இல்லை. அது பேருந்து மாறும் இடம்; பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஒரு பூட்டும் வாங்கிக்கொண்டு போகும் இடம். மேலே இருப்பது எழில், கீழே இருப்பது வழி என்னும் இந்தப் பிரிவினை நமக்கு இயல்பானதாகவே படுகிறது. ஆனால் இதன் வயது இருநூறு ஆண்டுகளுக்குள்தான். அதற்கு முந்தைய ஈராயிரம் ஆண்டுகளில் இதே மலைகளை இதே சமவெளி மக்கள் என்னவாகப் பார்த்தார்கள் என்று கேட்டுப் பார்ப்பது பயனற்ற வேலையாகாது.

சிறுமலையிலிருந்து தொடங்குவோம். திண்டுக்கல்லில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் வானத்தின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு தெரியும் மலை அது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்கு வழி கேட்கும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளைச் சொல்கிறான். கொடும்பாளூரை ஒட்டிய குளக்கரையிலிருந்து சிவபெருமானின் சூலம்போலப் பிரியும் வழிகள் அவை. இடவழி திருமால்குன்றத்தின் பக்கமாகப் போகிறது. வலவழியில் வருவது பாண்டியனின் சிறுமலை. மறையோன் இங்கே வருணனையில் இறங்குகிறான் என்றே நாம் எதிர்பார்ப்போம். அவன் தருவதோ கிட்டத்தட்ட ஒரு விளைபொருள் பட்டியல்: மலைநெல், கரும்பு, தினை, வரகு, மஞ்சள், கவலைக் கொடி, வாழை, கமுகு, தென்னை, மா, பலா. இவை சூழ்ந்த அம்மலையை வலப்புறம் கொண்டு சென்றால் ஊரை அடையலாம் என்கிறான். மலை இங்கே திசைகாட்டி. பசித்தவனுக்கு எங்கே கனி கிடைக்கும், களைத்தவனுக்கு எங்கே நிழல் கிடைக்கும் என்று சொல்லும் குறிப்பு. மலையை வலப்புறம் வைத்துத் தெற்கே செல்லும் பாதை இன்றைய திண்டுக்கல் நகரைத் தொடாமல், நத்தம் பக்கமாகப் போயிருக்க வேண்டும் என்று கொள்ள இடமுண்டு. கோவலன் அந்த வழியில் போகவுமில்லை. கானுறை தெய்வம் குறுக்கிட்டதைக் கொண்டு பார்த்தால் அவர்கள் இடைவழியில்தான் நடந்திருக்கிறார்கள். கண்ணகி காணாமலே கடந்த மலை சிறுமலை. எனினும் அந்தப் பட்டியலில் உள்ள வாழையும் பலாவும் இன்றைக்கும் அங்கிருந்து இறங்கித் திண்டுக்கல் சந்தைக்கு வருகின்றன. ஒரு காப்பியத்தின் தாவரக் குறிப்பு இத்தனை நூற்றாண்டுகள் கழித்தும் சந்தையில் மெய்ப்படுவது அரிது.

மேற்கே பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் கதை இன்னும் பழையது. பழனியிலிருந்து தென்மேற்கே, பொருந்தலாற்றின் கரையில் உள்ள பொருந்தலில், புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் அகழாய்வு நடத்தினார். ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் கொண்ட சாடி நிறைய நெல் கிடைத்தது. அந்த நெல்லின் காலம் கதிரியக்கக் கரிமக் கணிப்பின்படி கி.மு. 490 ஐ ஒட்டியது என அறியப்பட்டது. அங்கே கிடைத்த பானைத்தாங்கி ஒன்றில் தமிழ்பிராமி எழுத்துகளும் இருந்தன. தமிழ் எழுத்தின் தொன்மை பற்றிய விவாதத்தில் பொருந்தலின் பெயர் அடிபடக் காரணம் இதுவே. அந்த விவாதம் இங்கே நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது அதே ஊரில் ஆயிரக்கணக்கில் கிடைத்த கண்ணாடி மணிகள். மலையடிவாரம் ஒன்றில் மணி செய்யும் தொழில் நடந்திருக்கிறது என்றால், அது மலைக்கு அப்பாலிருக்கும் சேர நாட்டுக்கும் கீழைக் கடற்கரைக்கும் இடைப்பட்ட பெருவழியின் மீது இருந்தது என்று பொருள். இந்த மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் கடல் இங்கே மணியாகவும் காசாகவும் வந்து சேர்ந்திருக்கிறது.

சங்கப் பாடல்களில் பழனி, பொதினி எனப்படுகிறது. ஆவியர் குடியின் ஊர் அது. மயிலுக்குப் போர்வை தந்த பேகனைப் பாடநூல் படித்த எல்லோருக்கும் தெரியும். புறநானூற்றில் கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவனிடம் போய் நின்றதோ வேறொரு காரியத்துக்காக. அவன் கைவிட்ட மனைவி கண்ணகிக்கு இரங்கும்படி கேட்கத்தான் அந்தப் புலவர்கள் மலையேறினார்கள். இந்த வட்டாரத்து மலைகளுக்குச் சுற்றுலா சென்ற முதல் இலக்கியக் குழு என்று அவர்களை வேடிக்கையாகச் சொல்லலாம். அவர்கள் பரிசிலும் கேட்கவில்லை, காட்சியும் பார்க்கவில்லை. கோடை மலைக்குத் தலைவனான கடிய நெடுவேட்டுவனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனாரும், பரிசில் நீட்டித்ததற்காகச் சினந்தே பாடியிருக்கிறார். அந்தக் கோடையை இன்றைய கொடைக்கானல் மலை எனக் கொள்வோர் பலர்.

பழனிக்கு மேற்கே ஐவர்மலை இருக்கிறது. பயணிகள் வரிசையில் அதற்குப் பெரிய இடமில்லை. பாறை முகப்பில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அருகே ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் உருவையும் இயக்கி உருவையும் புதுப்பித்து, அவற்றின் வழிபாட்டுக்காக 505 பொற்காணம் வைத்த செய்தியை அது சொல்கிறது. சாந்திவீரர் இன்னொரு காரியத்தையும் தம்மை அறியாமல் செய்துவிட்டார். கல்வெட்டில் சக ஆண்டு 792 என்றும், அது வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்றும் ஒருசேரப் பொறித்துவிட்டார். சக ஆண்டு 792 என்பது கி.பி. 870. ஆகவே இரண்டாம் வரகுணன் அரியணை ஏறியது 862 இல் என்று கணக்கிட முடிந்தது. முற்காலப் பாண்டியரின் காலவரிசை முழுவதையும் கட்டி நிறுத்தும் முளைகளில் ஒன்று இந்தக் குன்றில் அடிக்கப்பட்டிருக்கிறது. ஏரியில் படகு விடப் போகிறவர்களில் நூற்றில் ஒருவராவது இந்தப் பக்கம் திரும்பினால் நன்றாக இருக்கும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. திரும்பினால் பாறையில் தம் பெயரைச் செதுக்காமலிருக்க வேண்டுமே என்ற அச்சமும் உடனே வருகிறது.

* * *

திண்டுபோலக் கிடக்கும் கல் என்பதால் திண்டுக்கல் என்பார்கள். ஊருக்கு மேற்குப் பக்கம் மொட்டையாக நிற்கும் அந்தப் பாறையில் மதுரை நாயக்கர்கள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை எழுப்பினார்கள். திருமலை நாயக்கர் காலத்தில் அது வலுப்படுத்தப்பட்டது. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மதுரைக்குள் நுழையும் எவரும் சிறுமலைக்கும் பழனி மலைகளுக்கும் இடைப்பட்ட இந்த வாயிலைக் கடந்தாக வேண்டும். மைசூர்ப் படைகளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1755 இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பவுஜ்தாராக அமர்த்தப்பட்டார். பிற்காலத்தில் மைசூரையே ஆளப்போகிற அவர், பிரெஞ்சுக்காரர்களின் உதவியுடன் தமக்கென ஒரு பீரங்கிப் படையையும் ஆயுதச்சாலையையும் முதன்முதலாக உருவாக்கிக்கொண்ட ஊர் இதுதான். அதன்பின் கோட்டை பந்துபோலக் கைமாறியது. 1767 இல் ஆங்கிலேயர், அடுத்த ஆண்டே ஹைதர், 1783 இல் மீண்டும் ஆங்கிலேயர், 1784 மங்களூர் உடன்படிக்கையின்படி திப்பு, 1790 இல் இறுதியாக ஆங்கிலேயர். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை முறைப்படி கும்பினியிடம் வந்து சேர்ந்தது. இன்று கோட்டை மேலேறுபவர்கள் நாற்புறமும் விரியும் வெளியைப் பார்த்து வியக்கிறார்கள். அந்த வெளி முழுவதும் தெரியவேண்டும் என்பதற்காகவே கோட்டை அங்கே கட்டப்பட்டது. தூசி எந்தத் திசையில் எழுகிறது, அது ஆட்டு மந்தையா குதிரைப் படையா என்று காவல்காரன் இனங்கண்டாக வேண்டும். இங்கே பார்வை என்பது ஒரு வேலை. சம்பளம் உள்ள வேலை.

மலையைப் புகலிடமாக அறிந்தவர்களும் இருந்தார்கள். 1772 இல் காளையார்கோயில் போரில் கணவரை இழந்த வேலு நாச்சியார் மேற்கே வந்து தங்கியது விருப்பாச்சிப் பாளையத்தில். ஹைதரின் உதவி பெற்று, 1780 இல் சிவகங்கையை மீட்கும்வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இந்த வட்டாரமே அவருக்கு அடைக்கலம். அவருக்கு இடம் தந்த விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர், பின்னர் கும்பினிக்கு எதிராகத் தென்னாட்டுப் பாளையக்காரர்களை ஒன்றுசேர்க்கும் முயற்சியில் முன்நின்று, 1801 இல் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். விருப்பாச்சித் தலையூத்து அருவிக்குக் குளிக்கப் போகும் வழியில் அவருடைய மணிமண்டபம் இருக்கிறது. அருவிக்குப் போகிற வண்டிகள் அங்கே அதிகம் நிற்பதில்லை.

மலைகள் எதிரியை மறைக்கும் இடங்களாக இருப்பது நின்ற அதே ஆண்டுகளில் அவை ஓவியங்களாகத் தொடங்கின என்பது தற்செயல் அன்று. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவரும் தென்னாட்டில் சுற்றி வரைந்தது 1792, 1793 ஆம் ஆண்டுகளில். அதாவது மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த கையோடு. ராபர்ட் ஹோம் என்னும் ஓவியரின் மைசூர்க் காட்சித் தொகுப்பு 1794 இல் அச்சானது. படை போன தடத்திலேயே தூரிகையும் போயிற்று. வென்றெடுத்த மலையைத்தான் நிதானமாக நின்று அழகு பார்க்க முடியும்.

* * *

கொடைக்கானல் இந்தப் பார்வை மாற்றத்தின் முழுமையான விளைச்சல். 1821 இல் லெப்டினன்ட் வார்டு என்னும் நில அளவையாளர் மேல்மலையை அளக்க வந்தபோது தங்கியிருந்த ஊர் வெள்ளகவி. மலையில் ஊரே இல்லை, ஆங்கிலேயர் வந்துதான் ஊர் உண்டாயிற்று என்னும் பழைய பல்லவிக்கு இந்த ஒரு பெயரே மறுப்பு. வெள்ளகவியிலிருந்துதான் கொடைக்கானல் அளக்கப்பட்டது. அளக்கப்பட்ட இடத்துக்குச் சாலையும் விடுதிகளும் வந்தன. அளக்க இடம் தந்த ஊருக்கோ இந்த நூற்றாண்டிலும் நெடுங்காலம் ஒற்றையடிப் பாதையே வழியாக இருந்தது.

1845 இல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார், சமவெளிக் காய்ச்சலில் தம்மவரைப் பறிகொடுத்த துயரில், மலைமேல் இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். ஊட்டி போன்ற பிற மலைவாசத்தலங்களில் வெள்ளை அதிகாரிகள் முந்திக்கொண்டார்கள் என்றால், இங்கே முந்தியது திருச்சபை. கட்டுமானத்துக்கும் மேலேறுவதற்கும் சமவெளி மக்களின் தோள்கள் தேவைப்பட்டன. மோட்டார் ஏறும் மலைச்சாலை முதல் உலகப்போர்க் காலத்தில்தான் திறந்தது. அதுவரை ஏறக்குறைய எழுபது ஆண்டுகள், அடிவாரத்திலிருந்து துரைமார்களும் துரைசானிகளும் குதிரை மீதும், ஆட்கள் சுமக்கும் நாற்காலிகளிலும் போனார்கள். 1875 இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை வந்ததும் அம்மையநாயக்கனூர் நிலையம் ‘கொடைக்கானல் ரோடு’ ஆயிற்று. ஒரு ஊரின் பெயரை அழித்துவிட்டு, எட்டாத தூரத்தில் இருக்கும் இன்னொரு ஊருக்குப் போகும் வழி என்று அதற்குப் பெயர் வைத்ததைவிட, சமவெளிக்குத் தரப்பட்ட மதிப்பைச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது.

இயற்கை எழில் என்று நாம் காணப்போகும் அந்த நட்சத்திர வடிவ ஏரி இயற்கையன்று. மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்சு 1863 இல் ஓடை ஒன்றை அணைகட்டி மறித்து அதை உண்டாக்கினார். சதுப்பு நிலம் நீர்ப்பரப்பாயிற்று. அதில் மிதந்த முதல் படகு தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டது. கடற்கரையிலிருந்து ஒரு படகை ஏழாயிரம் அடி உயரத்துக்குச் சுமந்து சென்றவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை; லெவிஞ்சின் நினைவுச் சிலுவை இருக்கிறது. ஏரியைச் சுற்றி நிற்கும் தைலமரம், சீகை, பைன் ஆகியவையும் வெளியிலிருந்து வந்தவைதான். இந்த மலையின் சொந்த உடை சோலைக்காடும் புல்வெளியும். புல்வெளியை வெற்றிடம் என்று எண்ணி மரம் நட்டதால் குறைந்தது மலையழகு மட்டுமன்று. மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் கசியவிடும் அமைப்பு அது. அந்தக் கசிவுதான் கீழே ஆறு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, கடைசியாக 2018 இல் பூத்த குறிஞ்சிக்கும் அந்தப் புல்வெளியே வீடு. குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936 இல் கட்டியவர் யாழ்ப்பாணத்துப் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி இராமநாதன்; ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவரானவர். குறிஞ்சித் திணைக்கு இப்படியும் ஓர் உரிமையாளர்.

சமவெளியின் துயரம் மலையுச்சியில் ஒரு நிறுவனத்தை எழுப்பிய கதையும் உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், மழை பொய்ப்பதற்கும் சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்னும் கருத்து ஆங்கில அறிவியலாளரிடையே வலுப்பெற்றது. சூரியனை நாள்தோறும் ஆராய ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு அதிலிருந்து எழுந்தது. தூசும் மேகமும் குறைந்த உயரமான இடம் தேடப்பட்டு, 1899 இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் அமைந்தது. 1909 இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இங்கேதான் கண்டறிந்தார். அந்நிகழ்வு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மழையைச் சூரியனில் படிக்கும் நம்பிக்கை கைகூடவில்லை. ஆனால் நூறாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து எடுக்கப்பட்ட சூரியப் படங்களின் சேகரம் ஒன்று உலகுக்குக் கிடைத்தது. அந்தப் படங்களுக்குப் பின்னால், கஞ்சித்தொட்டி வாசலில் நின்ற பல லட்சம் மக்களின் நிழல் இருக்கிறது என்பதை ஆய்வக வாசலில் நிற்பவர் எவருக்கும் யாரும் சொல்வதில்லை.

இதே மலையில் 2001 இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையையும் நினைக்காமல் இருக்க முடியாது. உடைந்த கண்ணாடியும் பாதரசமும் பாம்பார் சோலையின் மண்ணில் கலந்தன. பாம்பாற்றின் நீர் கீழ்நோக்கித்தான் ஓடும்.

* * *

மலையில் நிகழ்வது ஒவ்வொன்றும் கீழே வந்து சேரும் என்பதைத் திண்டுக்கல் சமவெளி தன் உடம்பால் அறிந்திருக்கிறது. கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் பெய்வதைத் திரட்டிக்கொண்டு வடக்கே ஓடி அமராவதியில் சேர்கிறது குடகனாறு. ஆத்தூரில் அதைச் சேர்ந்த நீரைத் தேக்கிய அணைதான் திண்டுக்கல்லுக்கு நெடுங்காலம் குடிநீர் தந்தது. வேடசந்தூர் அருகே இந்த ஆற்றின் மீது கட்டப்பட்ட அணை 1977 புயல் வெள்ளத்தில் உடைந்தது. எஞ்சிய ஆண்டுகளில் ஆற்றின் துயரம் வெள்ளமன்று, வறட்சி. போதாததற்குத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நகரைச் சுற்றியுள்ள ஊர்களின் கிணறுகளில் இறங்கியது. தமிழகத் தோல் ஆலைகள் பற்றி 1996 இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பில், வேலூர்ப் பகுதியோடு திண்டுக்கல்லும் பேசப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் நிலைபெற்ற தீர்ப்பு அது. கிணறுகள் அதனால் பழையபடி ஆகிவிடவில்லை.

சிறுமலை வாழையின் கதையும் இத்தகையதே. தோல் கறுத்தாலும் உள்ளே கெடாத, நீர்ச்சத்துக் குறைந்த பழம் அது. மேற்கே இதன் உடன்பிறப்பு விருப்பாட்சி வாழை. பழனிப் பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமலிருப்பதன் பின்னே இந்த மலைப்பழத்துக்குப் பங்குண்டு. காப்பிச் செடிக்கும் மிளகுக்கும் இடையே, மானாவாரியாக, ஒருமுறை நட்டால் பல ஆண்டு பலன் தரும் பயிர். சாலை இல்லாத தோட்டங்களிலிருந்து குதிரைகளின் முதுகில் தார்கள் இறங்கின. சிறுமலையில் பொதிக்குதிரை வளர்ப்பு இன்னும் முற்றாக மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் முடிக்கொத்து நோய் மலைவாழையைச் சூறையாடியது. அசுவினி பரப்பும் நச்சுயிரி நோய், வந்த மரம் தார் போடாது. தோட்டங்கள் பெருமளவில் அழிந்தபின், நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு பயிரை மீட்கும் முயற்சி நடந்தது. சிறுமலை, விருப்பாட்சி ஆகிய இரு வாழைகளும் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. குறியீடு பெயரைக் காக்கும். தோட்டத்தைக் காக்க, தோட்டம் விடுதியாகாமல் இருக்க வேண்டும். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை வந்தபின், சிறுமலையில் ஒரு காணி வாழையிலிருந்து வருவதையும் அதே காணியில் ஒரு தங்குமிடம் ஈட்டித் தருவதையும் எந்த விவசாயியும் மனக்கணக்காகப் போட்டுப் பார்ப்பான். அவனைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அவனிடம் பழத்தைப் பேரம் பேசி வாங்குபவர்கள் நாம்தானே.

வத்தலக்குண்டு நமக்கு எப்போதும் ஒரு புதிர். கொடைக்கானல் மலைச்சாலைக்கு அடியில் கிடக்கும் அந்தச் சிற்றூர் பி.ஆர். ராஜமய்யரையும் சுப்பிரமணிய சிவாவையும் பி.எஸ். ராமையாவையும் சி.சு. செல்லப்பாவையும் தந்தது. 1893 இல் விவேக சிந்தாமணியில் தொடராக வரத் தொடங்கிய ‘கமலாம்பாள் சரித்திர’த்தின் உயிர், அக்கிரகாரத்தின் வம்பும் வீட்டுக்குள் நடக்கும் பேச்சும். தலைக்கு மேலே அத்தனை பெரிய மலை நிற்க, தமிழின் தொடக்க கால நாவல்களில் ஒன்று திண்ணையைப் பார்த்தபடி எழுதப்பட்டது. செல்லப்பாவின் ‘வாடிவாச’லிலும் நாம் பார்ப்பது மனிதனையும் காளையையும்தான். அடிவாரத்தில் வாழ்பவனுக்கு மலை ஒரு காட்சியாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குத் தெரியவில்லை. அவன் அதைப் பார்ப்பது, மழை இறங்குகிறதா என்று அறிவதற்காக.

2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் செல்லும் வண்டிகளுக்கு மின்னனுமதிச் சீட்டு வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அடுத்த ஆண்டு வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு விதித்தது. பார்க்க வருவோரின் எடையை மலை தாங்கவில்லை என்பதற்கு நீதிமன்றமே சான்று. கொடைக்கானலில் இடமில்லாதவர்கள் அடுத்து எங்கே திரும்புவார்கள் என்று ஊகிப்பது கடினமன்று. திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை ஒரு மணி நேரப் பயணம்.

மாவட்டத்தின் வடகிழக்கில், கரூர் எல்லையை ஒட்டி, அய்யலூரையும் கடவூரையும் சூழ்ந்த வறண்ட குன்றுகள் உள்ளன. அருவி இல்லை, ஏரி இல்லை, பனிமூட்டம் இல்லை. எந்தக் கையேட்டிலும் அவற்றுக்கு இடம் கிடைத்ததில்லை. 2022 அக்டோபரில் 11,806 ஹெக்டேர் பரப்புள்ள அக்காடுகள் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம். மெலிந்தவனை வைய நாம் பயன்படுத்தும் பெயர்தான் அது. மூடநம்பிக்கையாலும் நாட்டு மருத்துவத்தின் பெயராலும் பிடித்துக் கொல்லப்பட்ட சிறு உயிர், பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்று வாழ்கிறது. பகல் முழுவதும் முட்புதரிலும் கிளைக்கவட்டிலும் சுருண்டு உறங்கி, இருட்டியபின் வெளியே வரும். பகலில் போகிறவர்களுக்கு அங்கே தெரிவது உசிலையும் வேலமும், மேயும் ஆடுகளும், வெயிலும் மட்டுமே.